சல்மன் முட்டைக்கு ரெண்டு மாதம், ரோகு முட்டைக்கு ஒரு இரவு: கணக்கு எங்கை இடிக்குது?

முறிப்பான் (முள்ளியவளை)

கனடாவில ஸ்காபரோப் பக்கத்து ஹைலண்ட் கிறீக் எண்ட ஆற்றில சல்மன் எதிர்நீச்சல் போட்டு ஏறிற வீடியோ இந்தக் கிழமை எல்லாற்றை போனிலையும் சுத்துது. இஞ்சை நன்னீர் மீனவர் சங்கத்தில ரோகு, கட்லா எண்ட கெண்டை இன மீன்குஞ்சை நாங்களே பொரிச்செடுத்தால் என்ன எண்டும் கதை நடக்குது. ரெண்டையும் சேர்த்துத்தான் கேக்கிறன்.

சல்மன் முட்டை பொரிக்க ரெண்டு மாதம் எண்டு வாசிச்சன். எங்கடை ரோகு முட்டை ஒரு இரவில பொரிக்குமாம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? அவையள் தண்ணி படாமல் முட்டையையும் விந்தையும் கலக்கிற முறை எங்களுக்கும் சரிவருமோ? முட்டை விட்டதும் சல்மன் எல்லாம் சாகுதோ? கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில சல்மன் வளர்க்கலாம் எண்டு ஒராள் அடிச்சுச் சொல்லுறார், அது உண்மையோ?

பாலியாறு (மல்லாவி)

கடைசிக் கேள்வியை முதல்ல முடிப்பம்: ஏலாது. சல்மன் முட்டை 4 தொடக்கம் 10 பாகை (செல்சியஸ்) தண்ணியில வளர்றது. 14, 15ஐத் தாண்டினால் பெரும்பகுதி செத்துப்போகும். எங்கடை குளங்களில மார்கழி வாடையிலகூட 24, 25க்குக் கீழை இறங்கிறது அரிது. அந்தக் குடும்பத்து மீன் இலங்கையில இருக்கிறதெண்டால் நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்து ட்ரவுட் மட்டும்தான். 19ஆம் நூற்றாண்டின்ரை கடைசியில வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்டது.

சாகிற கதை இனத்துக்கு இனம் மாறும். சினூக், கோஹோ, சொக்கை, பிங்க், சம் எண்ட பசிபிக் இனங்கள் ஒருதரம் முட்டை விட்டால் அதோடை சரி. அத்திலாந்திக் சல்மனில கொஞ்சம் தப்பிக் கடலுக்குத் திரும்பி, பிறகும் வரும். ஹைலண்ட் கிறீக்கில நீங்கள் பாக்கிறது பெரும்பாலும் சினூக். அது ஒன்ராறியோ ஏரிக்குச் சொந்தமானதில்லை, பசிபிக் பக்கத்திலயிருந்து கொண்டுவந்து விட்டது. அந்த ஏரிக்குச் சொந்தமான அத்திலாந்திக் சல்மன் 19ஆம் நூற்றாண்டு முடியேக்கையே அழிஞ்சுபோச்சு.

உயிரியல் ரீச்சர் (வவுனியா)

ஆற்றில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்தால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கும்.

பெண் மீன் சரளைக்கல் உள்ள, தண்ணீர் கல்லுக்குள்ளேயும் ஊடுருவி ஓடுகிற இடமாகத் தேடும். பக்கவாட்டில் சரிந்து வாலால் ஓங்கி அடிக்கும். வால் கல்லைத் தோண்டுவதை விட, அது எழுப்பும் உறிஞ்சல்தான் கல்லைக் கிளப்புகிறது. கிளம்பிய கல்லை நீரோட்டம் பின்னால் கொண்டுபோய்ப் போடும். மண்ணும் தூசும் அதோடு கழுவுப்பட்டுப் போய்விடும். பள்ளம் ஆழமானதும் முட்டையை இடும், அதே கணத்தில் ஆண் பக்கத்தில் வந்து விந்தை விடும். உடனே பெண் சற்று மேலே, நீர் வரும் பக்கமாகப் போய் அடுத்த பள்ளத்தைத் தோண்டும். அந்தக் கல் வந்து முதல் பள்ளத்தை மூடிவிடும். இப்படி ஒரு கூட்டில் பல குழிகள். முட்டைகள் பெரும்பாலும் 15 தொடக்கம் 30 செ.மீ. ஆழத்தில் புதைந்திருக்கும்.

ஆற்றுக்குள் நுழைந்த பிறகு இந்த மீன்கள் சாப்பிடுவதில்லை. தசையில் இருக்கும் கொழுப்பும் புரதமும் கரைந்துதான் நீந்துவதற்கும் முட்டைக்கும் செலவாகின்றன. தசையின் செம்மஞ்சள் நிறமும் முட்டைக்குள் போய்விடுகிறது. சல்மன் முட்டை செம்மஞ்சளாக இருப்பது அதனால்தான். முட்டைக் கருவூணுக்கான (மஞ்சள் கருவுக்கான) புரதத்தை ஈரல் செய்கிறது, சூலக ஓமோன் கட்டளை கொடுக்க, குருதி வழியாகச் சூலகத்துக்குப் போகிறது. இந்தப் பகுதி ரோகுவிலும் அப்படியேதான்.

கூட்டுக்கு வரும் பெரிய ஆபத்து வண்டல். மேலே காடு வெட்டி, மண் கரைந்து வந்து சரளையின் இடைவெளிகளை அடைத்தால், முட்டைக்கு ஒட்சிசன் போகாது. பொரித்த குஞ்சும் வெளியே வர முடியாது. வெளியே இருந்து பார்த்தால் கூடு சேதமில்லாத மாதிரியே தெரியும்.

கனகராயன் (மாங்குளம்)

நாள்க்கணக்கு: சல்மன் பொரிப்பகங்களில நாளை எண்ணிறதில்லை, பாகைநாளை எண்ணுவினம். ஒரு நாளின்ரை சராசரித் தண்ணி வெப்பநிலையை ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டு போறது. அத்திலாந்திக் சல்மனுக்குக் கிட்டத்தட்ட 245 பாகைநாளில முட்டைக்குள்ளை ரெண்டு கறுப்புக் கண் தெரியும். 500 அளவில பொரிக்கும். 800 தாண்டத்தான் முதல்த் தீனி. 8 பாகைத் தண்ணியெண்டால் பொரிக்க 62 நாள், 5 பாகையெண்டால் 100 நாள்.

இது முழுக்க நேர்கோடில்லை. தண்ணி நல்லாக் குளிர்ந்தால் தேவைப்படுற பாகைநாள் கொஞ்சம் குறையும்.

முறிப்பான்

அண்ணை, அப்ப எங்கடை தண்ணி 28 பாகையெண்டால், 500ஐ 28ஆல் பிரிச்சால் 18 நாள் வருது. ரோகு 16 மணித்தியாலத்தில பொரிக்குதெண்டால் 19 பாகைநாள்கூட இல்லை. அங்கைதான் கணக்கு இடிக்குது.

உயிரியல் ரீச்சர்

தம்பி, பாகைநாள் ஒரு இனத்துக்குள் மட்டும் பேசும் கணக்கு. சல்மனின் எண்ணை ரோகுவுக்குப் போட முடியாது. இனங்களுக்கு இடையில் பெரிய வித்தியாசம் முட்டையின் பருமனில் இருக்கிறது.

சல்மன் முட்டை 5 தொடக்கம் 7 மி.மீ., முக்கால்வாசியும் கருவூண். ரோகு முட்டை வயிற்றுக்குள் 1.3 மி.மீ. அளவு, தண்ணீரில் விட்ட பிறகு 4, 5 மி.மீ. ஆகப் பெருத்தாலும் உள்ளே ஏறியது வெறும் தண்ணீர்தான். சினூக் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம் முட்டை இடும். ரெண்டு கிலோ ரோகு நாலைந்து லட்சம் இடும்.

சல்மன் இலையுதிர் காலத்தில் முட்டையிடுகிறது. குஞ்சுக்குத் தீனி கிடைப்பது வசந்தத்தில். இடையில் உள்ள குளிர்காலம் முழுக்கத் தாய் கட்டிக்கொடுத்த சாப்பாட்டில்தான் ஓட வேண்டும். ரோகு வெள்ளத்தோடு சேர்ந்து முட்டையிடுவது. வெள்ளம் ஏறிய ஆழமில்லாத தரையில் சில நாட்களில் நுண்ணுயிர்கள் பெருகிவிடும்; மூன்றாம் நாள் வாய் திறந்தாலும் தீனி இருக்கும். அதனால் சின்ன முட்டை, நிறைய முட்டை.

பெரிய முட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்க்கவும் முடியாது. 8 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றரில் 11.8 மி.கிராம் ஒட்சிசன் பிடிக்கும், 28 பாகையில் 7.8தான். வெப்பம் கூடக் கூட முளையத்தின் தேவையோ ஏறுகிறது. முட்டையின் மேற்பரப்பு வழியாகத்தான் ஒட்சிசன் உள்ளே போக வேண்டும், பருமன் கூடினால் அந்த வழி போதாது. ஒட்சிசன் தேவை உச்சத்துக்குப் போவது பொரிப்பதற்குச் சற்று முன்னர். ரோகுப் பொரிப்பகத்தில் இரவு மின்சாரம் போனால் விடியப்புறம் எல்லாம் சாவதும் அதனால்தான்.

பாலியாறு

ரீச்சர் சொன்ன கடைசி வரியை எழுதிச் சுவரில ஒட்டவேணும். ஜெனரேற்றர் இல்லாமல் பொரிப்பகம் தொடங்காதையுங்கோ. இல்லாட்டி மேல்தாங்கியில எட்டு மணித்தியாலத்துக்குத் தண்ணி நிக்கவேணும்.

வான்கதவு (ஒட்டுசுட்டான்)

தண்ணி படாமல் கலக்கிற உலர்முறைக்கு வாறன்.

சல்மனில முட்டை முத்தினதும் சூலகத்திலயிருந்து கழண்டு வயித்துக் குழிக்குள்ளை சும்மா கிடக்கும். பசிபிக் இனமெண்டால் எப்படியும் சாகிற மீன்தானே, சாகடிச்சு, வயித்தைக் கீறி எடுப்பினம். அத்திலாந்திக்கையும் ட்ரவுட்டையும் மயக்கி, வயித்தை மெல்ல வழிச்சு எடுப்பினம். மீனை முதல்ல துணியால நல்லாத் துடைக்கவேணும், பாத்திரமும் கையும் காய்ஞ்சிருக்கவேணும். ஆணை வழிக்கேக்கை முதல் வாற துளியை முட்டையில விழ விடக்கூடாது, அதில சிறுநீர் இருக்கும். ரெண்டு ஆணின்ரை விந்தாவது சேர்த்து, முட்டையோடை பிரட்டி, பிறகுதான் தண்ணி. ஒண்டு ரெண்டு நிமிசம் விட்டு, கலங்கல் போகுமட்டும் கழுவி, ஒரு மணித்தியாலமாவது அசைக்காமல் விட்டால் முட்டை தண்ணி குடிச்சு இறுகும்.

ஏன் தண்ணி கூடாது? விந்துக் கலம் விந்துப் பாயத்துக்குள்ளை அசையாமல் கிடக்கிறது. சல்மனில அதை அடக்கி வைக்கிறது அந்தப் பாயத்தின்ரை பொற்றாசியம், கெண்டை இனங்களில உப்புச் செறிவு. தண்ணி பட்டவுடன ஓடத் தொடங்கும். சல்மனில அரை நிமிசம், கெண்டையில ஒரு நிமிசம் அளவில களைச்சுப்போகும். முட்டையிலயும் விந்து போற ஓட்டை ஒண்டேயொண்டு, முட்டை பெருக்க அது அடைபட்டிடும். பாத்திரத்தில நாலு துளி தண்ணி நிண்டால் விந்து முட்டையைக் காணமுதல் முடிஞ்சுது.

இன்னொண்டு: உடைஞ்ச முட்டை. கருவூண் கசிஞ்சு நல்ல முட்டையின்ரை ஓட்டையையும் அடைக்கும். நாலைஞ்சு உடைஞ்சது தெரிஞ்சால் 0.9 வீத உப்புத் தண்ணியில, அதாவது லீற்றருக்கு 9 கிராம், அலசிப்போட்டு விந்தைச் சேருங்கோ. வெறும் தண்ணியில அலசினால் கதை முடிஞ்சுது.

ரோகு, கட்லாவுக்கு இது அவசியமோ எண்டு கேட்டால், சின்னப் பொரிப்பகத்துக்கு அவசியமில்லை எண்டுதான் சொல்லுவன். முட்டையிட வைக்கிற ஓமோன் ஊசி போட்டு, தண்ணி சுத்தி ஓடுற தொட்டியில ஒரு பெண்ணுக்கு ரெண்டு ஆண் விட்டால் அதுகளே பாத்துக்கொள்ளும். வழிக்கப் போனால் நேரம்தான் பிடிபடாது. சல்மன் முட்டை வயித்துக்குள்ளை கழண்ட பிறகும் குளிரில நாள்க்கணக்கில தாங்கும். ரோகு 28 பாகையில ஒரு மணித்தியாலம் பிந்தினாலே பழுதாகத் தொடங்கும். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பாக்க ஆள் நிக்கவேணும். அடிக்கடி தூக்கிப் பாத்தால் மீனும் சாகும்.

நெடுங்கேணியான்

ஊசி எண்டது ஓவாப்பிறிம்தானே? அளவு என்ன?

வான்கதவு

ஓம். பெண்ணுக்குக் கிலோவுக்கு 0.5 மி.லீ., ஆணுக்கு 0.2 தொடக்கம் 0.3. ரெண்டுக்கும் ஒரே நேரத்தில. முதுகுச் செட்டைக்குக் கீழை, பக்கக் கோட்டுக்கு மேலை, செதிலுக்கு அடியில ஊசியைச் சரிச்சு ஏத்தி, எடுக்கேக்கை விரலால அமத்திப் பிடியுங்கோ, இல்லாட்டி மருந்து பின்னால வந்திடும். 28 பாகையில 8 தொடக்கம் 12 மணித்தியாலத்தில முட்டை. பின்னேரம் 6 மணிக்குப் போட்டால் விடியப்புறம் வேலை.

முறிப்பான் கேட்ட கேள்விக்கு இதில ஒரு ஒட்டு இருக்கு. அந்த மருந்துக்குள்ளை இருக்கிறது சல்மன் மூளை ஓமோனின்ரை வடிவத்தைப் பாத்துச் செய்த செயற்கைப் பதிப்பு. அது மூளைக்கு அடியில இருக்கிற கபச்சுரப்பியைத் தூண்டும். கூடவே டொம்பெரிடோன். கெண்டை மீனில டோப்பமீன் எண்ட பொருள் கபச்சுரப்பியைப் பிடிச்சு நிப்பாட்டிக்கொண்டிருக்கும், டொம்பெரிடோன் அந்தப் பிடியை விடுவிக்குது. கனடாவில பீற்றர், சீனாவில லின் எண்ட ரெண்டு ஆய்வாளர் சேர்ந்து கண்ட முறை. அதுக்கு முந்தி இன்னொரு மீனின்ரை கபச்சுரப்பியைக் கிள்ளி அரைச்சுத்தான் போட்டவை. இந்தியாவில ஹிராலால் சௌத்ரி 1957 ஜூலை 10இல ஒடிசாவில அப்படித்தான் கெண்டையை முட்டையிட வைச்சவர். அந்த நாள்தான் அங்கை மீன் வளர்ப்போர் தினம்.

ஆனால் ஊசி முத்தாத மீனை முத்த வைக்காது. பெண்ணின்ரை வயிறு மெத்தெண்டு இருக்கவேணும், முட்டை வாற வாசல் சிவந்து தள்ளியிருக்கவேணும். ஆணின்ரை தோள்ச் செட்டையைத் தடவினால் சொரசொரக்கும், பெண்ணுக்கு வழுவழுப்பு. இது இல்லாட்டி ஊசிக் காசு நட்டம்.

நெடுங்கேணியான்

முட்டை கொஞ்ச நேரத்தில வெள்ளையாப் போறதுக்கு என்ன காரணம்? பூஞ்சணமோ?

உயிரியல் ரீச்சர்

இல்லை, பூஞ்சணம் பிறகு வருவது. உள்மென்சவ்வு கிழிந்து தண்ணீர் கருவூணுக்குள் போனால், உப்பில் கரைந்திருந்த புரதம் திரைந்து வெள்ளையாகிவிடும். அதாவது வெள்ளை முட்டை ஏற்கனவே செத்த முட்டை. செத்ததில் பூஞ்சணம் பிடித்து, நூல் நூலாகப் படர்ந்து பக்கத்தில் உள்ள உயிருள்ள முட்டையையும் மூடி மூச்சடைக்கும்.

சல்மன் பொரிப்பகங்களில் இதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. கருக்கட்டி முதல் ஒரு நாள், இரண்டு நாளுக்குள் முட்டையை இடம் மாற்றலாம். அதற்குப் பிறகு கண் தெரியும் வரை தட்டைத் தொடவே கூடாது. சின்ன அதிர்ச்சியும் கொல்லும். கண் தெரிந்ததும் முட்டை உரம் பெற்றுவிடும். அப்போது வேண்டுமென்றே ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொன்றுக்கு உயரத்தில் வைத்து ஊற்றுவார்கள். கருக்கட்டாத முட்டைகளின் சவ்வு அதில் கிழிந்து அடுத்த நாள் வெள்ளையாகும், பொறுக்கிவிடலாம். தூர நாடுகளுக்கு முட்டை அனுப்புவதும் இந்தக் கண் நிலையில்தான்.

இடையில் பூஞ்சணத்துக்குப் போமலின், 600 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு என்ற அளவில் 15 நிமிடம், ஓடும் தண்ணீரில். போத்தலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அந்தப் போமலினைப் பாவிக்கவே கூடாது, அது நஞ்சு. பொரிக்கக் கிட்டினால் நிறுத்திவிட வேண்டும். முந்திப் பாவித்த மலக்கைட் பச்சை என்ற சாய மருந்து சாப்பாட்டு மீனுக்குப் பல நாடுகளில் தடை. யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள்.

ரோகுவுக்கு மருந்துக்கு நேரமே இல்லை, பூஞ்சணம் பிடிக்க முதல் பொரித்துவிடும். சுத்தமான தண்ணீரும் மெல்லிய ஓட்டமும் போதும்.

கனகராயன்

தண்ணி பற்றி ஒண்டு. குழாய்க்கிணற்றுத் தண்ணியை நேரை முட்டைக்கு விடாதையுங்கோ. நிலத்துக்கடியிலயிருந்து வாறதில ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு கூட. இரும்பு இருந்தால் காத்துப் பட்டவுடன செம்மண் நிறத்தில படிஞ்சு முட்டையையும் குஞ்சின்ரை பூவையும் (செவுளையும்) மூடும். மேலை இருந்து தட்டுத்தட்டா விழுத்தி, ஒரு தொட்டியில ஒரு நாள் அடைய விட்டு எடுங்கோ.

பாலியாறு

வாய்க்கால் தண்ணிதான் திறம் எண்டு நான் நினைக்கிறன்.

கனகராயன்

துருசு (குளத்து மதகு) திறந்திருக்கேக்கை திறம். பூட்டினால்? அதோடை வயலுக்கு அடிச்ச கிருமிநாசினியும் வடிஞ்சு வரும். மீன்குஞ்சை அது மிச்சம் வைக்காது.

வான்கதவு

தொட்டி கட்டக் காசில்லாத சங்கத்துக்கு இரட்டைத் துணிப் பெட்டி இருக்கு. வெளிப்பெட்டி இறுக்கமான துணியில 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1 மீற்றர் ஆழம். உள்ளை நுளம்பு வலையில கொஞ்சம் சின்னன், அரை மீற்றர் ஆழம். முட்டையை உள்வலையில 75,000இலிருந்து ஒரு லட்சம் வரை பரவுங்கோ. பொரிச்ச குஞ்சு வலைக் கண்ணால வெளிப்பெட்டிக்குள்ளை இறங்கும், கோதும் செத்ததும் மேலை நிக்கும், வலையோடை தூக்கி எறியலாம். கரைப்பக்கம் நண்டு துணியை வெட்டும், அதைப் பாருங்கோ. அலை அடிக்கிற அணைக்கட்டுப் பக்கம் கட்டவே கூடாது.

உயிரியல் ரீச்சர்

பொரித்த பிறகும் இரண்டும் வேறு வேறு வழிதான். சல்மன் குஞ்சு பெரிய செம்மஞ்சள் கருவூண்பையோடு பொரிக்கும்; வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கி, கல்லுக்குள் இறங்கிக் கிடக்கும். வெறும் தட்டில் விட்டால் பிடிமானம் இல்லாமல் துடித்துத் துடித்து, வளர்ச்சிக்குப் போக வேண்டிய கருவூணை நீந்தியே கரைத்துவிடும். அதனால் கரடுமுரடான பிளாஸ்ரிக் விரிப்புப் போட்டு இருட்டில் வைப்பார்கள். பை வற்றும்போது மேலே வந்து ஒரு வாய் காற்று விழுங்கும். காற்றுப்பை நிரம்புவது அப்போதுதான்.

ரோகுக் குஞ்சு 5 மி.மீ., கண்ணாடி மாதிரி, வாயே இல்லை. மேலே ஏறும், பிறகு கீழே விழும். 72 மணித்தியாலத்தில் பை முடிந்து வாய் திறந்துவிடும். அந்த நேரம் தீனி இல்லையென்றால் அடுத்த நாள் பலமில்லாமல் போகும், பிறகு கொடுத்தாலும் பிழைக்காது.

வான்கதவு

ஆக குஞ்சை விட்டு வளர்க்கிற நாற்றுக்குளம் முட்டைக்கு முந்தியே தயாரா இருக்கவேணும். ஒரு பரப்புக்கு (ஏக்கரில பதினாறில ஒண்டு) சொல்லுறன். வத்த விட்டுக் காயவைச்சு, சுண்ணாம்பு 6 கிலோ. மாட்டெரு 125 கிலோ. தண்ணியை மெல்லிய வலை கட்டித்தான் உள்ளை விடுங்கோ, விரால் குஞ்சு ஒண்டு பூந்தாலும் போதும். ஒரு கிழமையளவில தண்ணியில நுண்ணுயிர் பெருகும். அதோடை முதுகால நீந்துற தண்ணிப் பூச்சியும் வரும், ஒரு பூச்சி எக்கச்சக்கமாக் குஞ்சைக் குத்தி உறிஞ்சும். குஞ்சு விட முதல்நாள், காத்து இல்லாத நேரம் பாத்து, 1.4 கிலோ மலிவான தாவர எண்ணெயை அரைக் கிலோ சவர்க்காரத்தோடை கரைச்சுத் தெளியுங்கோ. படலத்தால பூச்சி மூச்செடுக்கேலாமல் சாகும். காத்தடிச்சால் படலம் ஒரு மூலைக்கு ஒதுங்கிடும், வேலை வீண்.

பிறகு 75,000 குஞ்சு. தவிடும் பிண்ணாக்கும் சரிக்குச் சரி, நல்லா அரிச்சுத் தூளா. 15, 20 நாளில 2 செ.மீ. தாண்டும். மூண்டில ஒண்டு மிஞ்சினாலும் குறை சொல்லேலாது, அரைவாசி மிஞ்சினால் கெட்டிக்காரர்.

முறிப்பான்

ஒரு சந்தேகம். அந்த வீடியோவில பெரிய சல்மனுக்குப் பக்கத்தில ஒரு சின்ன மீன் பூந்து ஓடுது. குஞ்சோ?

உயிரியல் ரீச்சர்

சினூக் என்றால், மற்றவற்றுக்கு முன்னமே கடலில் இருந்தோ ஏரியில் இருந்தோ திரும்பி வரும் சின்ன ஆணாக இருக்கும். அத்திலாந்திக்கில் இன்னும் வினோதம்: கடலையே காணாத, கையளவு ஆண், ஆற்றிலேயே முத்திவிடும். பெரிய ஆணோடு மல்லுக்கட்டாமல் முட்டை விழும் கணத்தில் உள்ளே நுழைந்து விந்து விடும். கருக்கட்டலில் அதற்கும் பங்கு கிடைக்கிறது.

குஞ்சுகள் கடலுக்குப் போகும் வயதும் ஒன்றல்ல. பிங்க், சம் வெளியே வந்ததும் நேரே போய்விடும். சொக்கை பெரும்பாலும் ஏரியில் ஒரு வருடம், இரண்டு வருடம் நிற்கும். போக முதல் உடல் வெள்ளி நிறமாகும், உப்பை வெளியே தள்ளுமாறு பூவின் கலங்கள் மாறும், பிறந்த ஆற்றின் மணமும் அப்போதுதான் பதிகிறது. திரும்பி வரும்போது ஆற்றை அந்த மணத்தால் கண்டுபிடிக்கிறது.

முறிப்பான்

நன்றி ரீச்சர். கடைசியா: இஞ்சை எந்த மாதம் ஊசி போடுறது?

கனகராயன்

குளத்தில விடுற நாளிலயிருந்து பின்னுக்கு எண்ணுங்கோ. மானாவாரிச் சின்னக் குளங்களில வான் பாயிறது (குளம் நிரம்பி வழியிறது) நிண்ட பிறகுதான் விடலாம். அதுக்கு முந்தி விட்டால் குஞ்சு வானோடை கீழ்க்குளத்துக்குப் போயிடும். மாரி பிந்தினால் அது தை நடுப்பகுதி. விடுற குஞ்சு 5 செ.மீ.க்கு மேலை இருக்கவேணும், அதுக்குக் குறைஞ்சதை விராலும் நீர்க்காகமும் விடாது. முட்டையிலயிருந்து அந்த அளவுக்கு ரெண்டரை மாதம் பிடியுங்கோ. அப்ப ஊசி ஐப்பசி நடுவிலயிருந்து கடைசிக்குள்ளை. அந்த நேரம் முதல் மழை விழுந்திருக்கும், தாய்மீனும் முத்தி நிக்கும். ஹெக்டேயருக்கு 2,000 குஞ்சு, ஆவணி புரட்டாதியில தண்ணி வத்தேக்கை பிடிக்கலாம்.

வான்கதவு

ஏத்துறதுக்கு முதல்நாள் தீனியை நிப்பாட்டுங்கோ. பொலித்தீன் பையில மூண்டில ஒரு பங்கு தண்ணி, மிச்சம் ஒட்சிசன். பயணம் இரவில. குளத்தில பையை 20 நிமிசம் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளை விட்டு, குஞ்சைத் தானா நீந்தி வெளியில போக விடுங்கோ. தலைகீழாக் கொட்டாதையுங்கோ.